அத்தையின் கையில் அறுநூற்றுப் பத்து கிராம்

காய்கறிக் கடைக்காரர் தராசை எடுப்பதற்குள் அத்தை சொல்லிவிடுவாள்: "எண்ணூத்தி நாப்பது." அவர் தக்காளியைத் தட்டில் கொட்டுவார். எண்ணூற்று நாற்பதுதான் காட்டும். ஒருநாள் எண்ணூற்று அறுபது காட்டியது. அத்தை தட்டுக்கு அடியில் விரலை விட்டு, ஒட்டியிருந்த ஈர மண்ணைச் சுரண்டி எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டிலிருந்து யார் போனாலும் அவர் கொஞ்சம் கூடவே போடுகிறார்.

என் அப்பாவுக்கு ஒரே தங்கை. எங்களோடுதான் இருக்கிறாள். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "பாக்க வந்தவங்க எல்லாரும் எடை கம்மி" என்பாள்.

அந்தக் கை ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் பழகியது. பதினோரு வருஷம் அத்தை அங்கே உதவியாளர். சோதனைக் குழாய்களைக் கழுவுவது, அமிலப் புட்டிகளைப் பூட்டி வைப்பது, பித்தளை எடைக்கற்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்குவது. ஐம்பது, இருபது, பத்து, ஐந்து என்று தினமும் எடுத்து வைத்ததில் உள்ளங்கைக்கே அந்தக் கணக்கு ஏறிவிட்டது. பிறகு பள்ளிக்கூடம் ஆய்வகத்தை மூடிக் கம்ப்யூட்டர் அறை ஆக்கியது. கம்ப்யூட்டரைக் கழுவ ஆள் வேண்டாமே. அத்தை வீட்டுக்கு வந்தாள்.

ஊர்க் கோடியில் ஒரு பழைய ஆயுதக் கிடங்கு. அதை அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கவனிக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டு அத்தை போனாள். காப்பாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டாராம்:

"போர் வரலாறு எவ்வளவு தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது சார். நாப்பது பிள்ளைங்க கண்ணாடிச் சாமானைத் தொட்டும் உடையாம பதினோரு வருஷம் பாத்துக்கிட்டேன்."

வேலை கிடைத்துவிட்டது.

அந்தக் கட்டடத்தில் எல்லா அறைகளிலும் 'தொடாதீர்கள்' என்று பலகை இருக்கும். அத்தையின் அறையில் மட்டும் 'தொடுங்கள்'. அவள் தேதியைச் சொல்லி வரலாறு நடத்த மாட்டாள். முதலில் இருபத்தேழு கிலோ மணல் நிரப்பிய சிப்பாய் மூட்டையை எடுத்து, வந்திருக்கும் வாத்தியார் முதுகில் மாட்டிவிடுவாள். பிள்ளைகளுக்கு அங்கேயே பாதி சந்தோஷம்.

"இதைத் தூக்கிட்டு ஒரு ஆள் நாள் பூரா நடக்குறான். சாயங்காலம் அவன் என்ன கேப்பான்?"

"வெற்றி" என்பான் ஒருவன். "கொடி" என்பாள் ஒருத்தி.

"தண்ணி கேப்பான்" என்பாள் அத்தை. "அப்புறம் உக்கார இடம் கேப்பான். சாருக்கு ஒரு நாற்காலி போடுங்கப்பா, அவரே கேக்குற மாதிரி இருக்கார்."

அட்டையையும் இரண்டு கண்ணாடித் துண்டையும் வைத்து ஆளுக்கொரு பெரிஸ்கோப் செய்ய வைப்பாள். மரக் கவண்பொறியில் பந்து வைத்து எறியச் சொல்வாள். பொறியின் கையை எங்கே பிடித்தால் தூரம் கூடும் என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். கைப்பிடியைச் சுற்றிப் பேசுகிற வயர் போன் இரண்டு உண்டு. ஒன்று அறையில் இருக்கும், இன்னொன்று நாற்பது மீட்டர் தள்ளி முற்றத்து மணல்மூட்டைச் சுவருக்குப் பின்னால். கடைசியில்தான் கையெறிகுண்டு. எல்லாம் போலிதான். பட்டறைக்காரர் செய்து கொடுத்த பன்னிரண்டு.

பட்டறைக்காரரை எல்லோரும் பசை மாமா என்போம். விரலில் எப்போதும் ஏதாவது ஒட்டிக் காய்ந்திருக்கும். அவருக்கும் அத்தைக்கும் ஒரே ஒரு சண்டை. அதுவும் வருஷக்கணக்கில் ஒரே சண்டை. அத்தை போலிக் குண்டைக் கையில் வைத்து, எடை பார்க்கிற மாதிரி மேலும் கீழும் ஆட்டிக் காட்டுவாள்.

"இருநூத்தி முப்பது கிராம். இது குண்டா, குலுக்கற பொம்மையா? நிஜம் அறுநூறுக்கு மேல. பிள்ளைங்களுக்கு பயம் வேணாம், கனம் வேணும்."

"பிளாஸ்டிக்ல அவ்வளவுதாங்க வரும். கனம் வேணும்னா பாறையைக் கேளுங்க" என்பார் பசை மாமா. மறுநாள் அத்தை மறுபடியும் கையை ஆட்டுவாள்.

போலியின் எடை குறைவாக இருப்பதில் ஒரு வசதியும் இருந்தது. கையில் எடுத்தாலே போலி என்று தெரிந்துவிடும். அந்த இடத்தில் அது சின்ன விஷயம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் முற்றத்தில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது துருப்பிடித்த நிஜக் குண்டு இரண்டு கிடைத்தன. அதுபோக, வீட்டுப் பரணில் கிடந்ததையெல்லாம் ஜனங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். தொப்பி, பதக்கம், தோட்டா என்று என்ன வரும் எனச் சொல்ல முடியாது. அதனால் அத்தைக்கு ஒரு முறை உண்டு. தட்டில் பன்னிரண்டு போகும், பன்னிரண்டு திரும்பும், அதற்குப் பிறகுதான் பஸ் கிளம்பும். ஒன்று குறைந்தால் என்ன செய்வது என்று வாசற்காவலர் வரை தெரியும்: பையைச் சோதி, பஸ்ஸை நிறுத்து. ஒன்று கூடினால் என்ன செய்வதென்று யாரும் யோசித்ததே இல்லை.

இந்த இடத்தில் உருளைக்கிழங்கைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். போன வருஷம் அத்தை காய்ச்சலில் படுத்த வாரம், நான் ஒரு குண்டை எடுத்துவிட்டு அதன் இடத்தில் பச்சைப் பெயிண்ட் அடித்த உருளைக்கிழங்கை வைத்தேன். நான்கு வகுப்புகள் அதைத் தொட்டுப் பார்த்துக் குறிப்பெழுதிக்கொண்டு போயின. ஐந்தாம் நாள் அது முளைவிட்டது. காய்ச்சல் விட்டு வந்த அத்தை தட்டைத் தூக்கியதுமே, "இதுல ஒண்ணு வேகும் போலிருக்கே" என்றாள். காப்பாளர் என்னை வாசற்படி மிதிக்கக் கூடாது என்றுவிட்டார்.

ஆகவே அது நடந்த அன்று என் வகுப்புக்குப் போகாமல், எங்கள் பள்ளியின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு பஸ்ஸில் குனிந்து ஏறிக்கொண்டேன். நடந்ததை எழுதுவதற்கு முன் ஒன்று. அத்தை இப்போது அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். அந்தச் சத்தம் கேட்பதால்தான் எனக்கு எழுத ஓடுகிறது.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அறிவியல் டீச்சர் தலைகளை எண்ணினார். முப்பத்தொன்பது. மறுபடி எண்ணினார். அதேதான். கொண்டுவந்தது முப்பத்தெட்டு.

"டீச்சர், வழியில குட்டி போட்டுச்சா?" என்றாள் அத்தை. சொல்லும்போதே அவள் கண் என் மேல் வந்து நின்றது. பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "வாலு, பின்னாடியே நில்லு. காப்பாளர் பாத்தார்னா உன்னோட சேத்து என்னையும் வீட்டுக்கு அனுப்பிடுவார்" என்றாள்.

கடைசிப் பாடத்துக்கு மூன்று மூன்று பேராகப் பிரியச் சொன்னாள். முப்பத்தெட்டு என்றால் பன்னிரண்டு கூட்டம் போக இரண்டு பேர் மிஞ்சுவார்கள், யாரோடாவது ஒட்டிக்கொள்வார்கள். முப்பத்தொன்பது என்பதால் சரியாகப் பதின்மூன்று கூட்டம் ஆனது. அத்தை அன்று தட்டை இன்னும் தூக்கவும் இல்லை, எண்ணவும் இல்லை; அந்தக் கோடியில் ஒரு பையனின் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் தாங்களே தட்டிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். என் கூட்டத்தில் நானும், ஒரு தும்மல்காரனும், வகுப்பிலேயே குட்டியான ஒரு ரெட்டைச்சடையும். கடைசியாகப் போன ரெட்டைச்சடைக்கும் ஒன்று கிடைத்தது. கிடைத்திருக்கக் கூடாது. எனக்கு அது உறைக்கவே இல்லை. கணக்கில் நான் எப்போது கவனமாக இருந்தேன்?

"பக்கவாட்டுல இருக்கே, அந்தப் பிடியை இறுக்கிப் பிடிங்க" என்றாள் அத்தை. "வளையத்தை இழுங்க. பிடியை விடாதீங்க. விட்டா உள்ள இருக்கற ஸ்பிரிங் தள்ளும். அப்புறம் நாலு எண்ணுற நேரம்தான். நிஜக் குண்டுல ஒரு ஆளோட மிச்ச காலம் அவ்வளவுதான். இப்ப விட்டுட்டு எண்ணுங்க."

டக், டக் என்று பிடிகள் தெறித்தன. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எண்ணினார்கள். ரெட்டைச்சடை வளையத்தை இழுத்துவிட்டாள், பிடியை விடவில்லை. "விட்டா மூக்குல அடிக்கும்" என்று நான் அவள் காதில் சொல்லியிருந்தேன். பயந்துபோய் இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

அத்தை பன்னிரண்டு டக் எண்ணியிருக்கிறாள். எங்களிடம் ஒன்று மிச்சம் இருப்பதைப் பார்த்தாள். ரெட்டைச்சடையின் இடதுகை வலதுகைக்கு அடியில் தாங்கியிருப்பதையும் பார்த்தாள். இருநூற்று முப்பது கிராமை யாரும் அப்படித் தாங்க மாட்டார்கள். சிரித்த முகத்தோடு வந்து, அந்தச் சின்னக் கைகளைத் தன் கைக்குள் வாங்கினாள்.

"கண்ணு, நீ பிடிச்சுக்கிட்டே இரு. நான் மேல பிடிக்கறேன். ஆச்சா? இப்ப உன் விரலை ஒவ்வொண்ணா எடு. ரொம்ப நல்ல பிள்ளை." பிறகு அதே குரலில், "டீச்சர், மழை வர மாதிரி இருக்கு. எல்லாரையும் வரிசையா தெருவுக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போங்க."

"வெயில் கொளுத்துதே" என்றார் டீச்சர்.

"வரும் டீச்சர். கூட்டிட்டுப் போங்க."

டீச்சர் அத்தையின் கையைப் பார்த்தார். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார். முப்பத்தெட்டு பேரும் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு வெளியே போனார்கள். நான் நின்றேன்.

"அது என்ன அத்தை?"

"அறுநூத்தி பத்து."

என் படிப்புக்கே அது புரிந்துவிட்டது.

"வளையத்தை நான் சொருகிடவா?"

"ரெட்டைச்சடை விரல்ல மாட்டிக்கிட்டே போயிட்டா. இருந்தாலும் வேணாம், பழசா இருந்தா உள்ள என்ன லட்சணத்துல இருக்கோ. ஓடிப்போய் காப்பாளர்கிட்ட சொல்லு. திரும்பி உள்ள வந்தே, காலை உடைப்பேன்."

காப்பாளர் போலீசுக்குப் போன் பண்ணிவிட்டு முற்றத்துக்கு ஓடி வந்தார். மணல்மூட்டைச் சுவருக்குப் பின்னால் என்னைப் பிடித்து உட்காரவைத்து என் பையைக் கவிழ்த்தார். ஒரு ரப்பர் பல்லி விழுந்தது. ஒரு பல்லியை உலகத்தில் யாரும் அவ்வளவு ஏக்கமாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"உருளைக்கிழங்கு மாதிரி இதுவும் உன் வேலைதானே? சொல்லிடும்மா. திட்ட மாட்டேன். வருஷம் பூரா உன்னை இலவசமா விடறேன்."

வாசற்காவலரும் எட்டி நின்று, "நீதான்னு சொல்லிடு தாயி, எல்லாருக்கும் நிம்மதி" என்றார். செய்யாததை ஒப்புக்கொள்ளச் சொல்லி யாரும் என்னை அதுவரை கெஞ்சியதில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லோரும் மூச்சு விடுவார்கள். அத்தை கையைத் திறந்துவிடுவாள். அப்புறம் நாலு எண்ணும் நேரம். நான் பல்லியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

அப்போது சுவரோரம் இருந்த வயர் போன் கிர்ரென்றது. எடுத்தேன்.

"தலைமையகமா?" என்றேன். பாடத்தில் அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"தலைமையகத்துக்கு மூக்கு அரிக்குது" என்றாள் அத்தை.

"சொறிஞ்சுக்கோயேன்."

"ஒரு கையில குண்டு, ஒரு கையில நீ. எதை விட?" "வாலு, ஒண்ணு கேக்கறேன். இது நீயா?"

"இல்ல அத்தை."

"சரி."

அவ்வளவுதான். சத்தியம் பண்ணு என்று சொல்லவில்லை, இரண்டாவது தடவை கேட்கவில்லை. என் சொல்லை எடை போட அவளுக்கு ஒரு தடவை போதுமாக இருந்தது. நான் இல்லை என்றதால் அவள் இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. அதையும் ஏற்றுக்கொண்டாள்.

பிள்ளைகள் விட்டுப்போன அட்டைப் பெரிஸ்கோப் ஒன்று மூட்டைமேல் கிடந்தது. அதைத் தூக்கிச் சுவருக்கு மேல் நீட்டிப் பார்த்தேன். ஜன்னலுக்குள், ஸ்டூலில் உட்கார்ந்து, மேசைமேல் கையை நீட்டி வைத்திருந்தாள், ரத்தம் எடுக்க வந்தவள் மாதிரி.

இருபத்தைந்து நிமிஷத்தில் வெடிகுண்டு நிபுணர்கள் வண்டியில் வந்தார்கள். பெரியவர் ரிசீவரை வாங்கிப் பேசினார்.

"அம்மா, கை எப்படி இருக்கு?"

"மரத்துப் போச்சு சார். விட மாட்டேன்."

"நிஜம்னு எப்படித் தெரிஞ்சுது? தராசுல போட்டீங்களா?"

"அவங்கதான் சார் தராசு" என்றேன் நான்.

எல்லோரையும் தெருவுக்குப் போகச் சொன்னார். அத்தை, "வாலு மட்டும் போன்ல இருக்கட்டும் சார். அவ பேசிட்டிருந்தா கை நடுங்க மாட்டேங்குது" என்றாள். அவர் யோசித்து, என் தலையில் ஒரு இரும்புத் தொப்பியைக் கவிழ்த்துவிட்டுப் போனார். நான் பேசினேன். என்ன பேசினேன் என்று கேட்காதீர்கள். அத்தையின் சீப்பை ஒளித்துவைத்தது முதல், வகுப்பு மட்டம் போட்ட நாள் கணக்கு வரை எல்லாம் வெளியே வந்துவிட்டது. "ம்" "ம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "இது முடியட்டும், உன்னை வச்சுக்கறேன்" என்றாள். முடியும் என்று அவள் நினைப்பது எனக்குத் தெம்பாக இருந்தது.

பெரியவர் தடிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரே தள்ளுமுள்ளு. பசை மாமா. இரண்டு நாள் லீவு போட்டு, இரண்டு தெரு தள்ளிப் பல் டாக்டரிடம் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தவர், கூட்டத்தைப் பார்த்து நாற்காலியிலிருந்து எழுந்து ஓடி வந்திருக்கிறார். வாய் நிறையப் பஞ்சு. ஒரு கன்னம் பூசணிக்காய். மோவாயில் ரத்தம். "ஊ, ஊ" என்கிறார். ஆம்புலன்ஸ்காரர்கள் முதல் அடி இவருக்குத்தான் பட்டிருக்கிறது என்று நினைத்துப் படுக்கையில் கிடத்தப் பார்த்தார்கள். அவர் உதறிக்கொண்டு முற்றத்துக்குள் என்னிடம் ஓடி வந்தார். உள்ளங்கையை விரித்து மேலும் கீழும் ஆட்டினார். மறுபடியும் ஆட்டினார்.

"அத்தை, பசை மாமா வந்திருக்கார். பல்லு பிடுங்கிட்டு வந்திருக்கார், பேச்சு வரல. கையை என்னமோ ஆட்டறார்."

"எப்படி ஆட்டறார்?"

"நீ அவர்கிட்ட ஆட்டுவியே, கனம் இல்லன்னு. அதே மாதிரி."

அப்புறம் அத்தையின் குரல், ரொம்ப மெதுவாக: "உள்ள ஈயமான்னு கேளு."

கேட்டேன். அவர் தலையாட்டிய வேகத்தில் பஞ்சு ஒன்று கீழே விழுந்தது. என் நோட்டைப் பிடுங்கி எழுதினார். நான் போனில் வாசித்தேன்: "நான்தான் செஞ்சேன். மெழுகு, ஈயக்குண்டு. நேத்து சாயங்காலம் தட்டுல வச்சேன். எடுத்துப் பாத்து சந்தோஷப்படுவீங்கன்னு."

"அறுநூத்தி பத்துதானா?"

ஆமாம் என்று தலையாட்டினார்.

"சரியா செஞ்சிருக்கார்" என்றாள் அத்தை. அத்தனை வருஷத்தில் அவர் வேலைக்கு அவள் கொடுத்த முதல் பாராட்டு. நான் அதை உரக்கச் சொன்னேன். பசை மாமா மணல்மூட்டைமேல் உட்கார்ந்து பஞ்சு வாயோடு அழுதார்.

ஆனாலும் அத்தை கையைத் திறக்கவில்லை. "அவர் சொல்றதை நம்பறேன். இருந்தாலும் சார் பாத்து சொல்லட்டும்." பெரியவர் உள்ளே போய், ஊடுருவிப் பார்க்கிற பெட்டியை மேசையில் வைத்துப் பார்த்தார். மெழுகு, உருண்டை உருண்டையாய் ஈயம், வேறொன்றும் இல்லை. விட்டுவிடலாம் என்றார். விட முடியவில்லை. விரல்கள் அப்படியே இறுகிப்போயிருந்தன. அவர் சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாய்ப் பிரித்தார்.

நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தேன். டக் என்று கேட்டது.

"ஒண்ணு" என்றாள் அத்தை. "ரெண்டு. மூணு. நாலு."

எல்லா வகுப்பிலும் அவள் நாலோடு நிறுத்துவாள்.

"அஞ்சு" என்றாள். "ஆறு. வாலு, கேக்குதா? ஏழு."

அதற்குமேல் அவள் எண்ணியதை நான் கேட்கவில்லை. ரிசீவர் தொங்கிக்கொண்டிருக்க, நான் முற்றத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தேன். அவள் வாசல்படியில் வந்து உட்கார்ந்திருந்தாள். முதலில் மூக்கைச் சொறிந்தாள், இடது கையால், ஆசை தீர. வலது கை கொக்கி மாதிரி மடியில் கிடந்தது. பசை மாமா எதிரில் வந்து நின்றார்.

"கனம் சரி" என்றாள் அத்தை. "சொல்லாம வச்சது தப்பு. இப்ப நீங்க ஒண்ணும் பேசாதீங்க."

அவரால் எப்படியும் முடியாது.

டீச்சர் பஸ் ஏறும்முன் எண்ணினார். முப்பத்தொன்பது. "கூடுதலா இருக்கறது யாரு?" என்றார். எல்லா விரலும் என்னைக் காட்டின. காப்பாளர் என்னைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். படி மிதிக்கக் கூடாது என்று மறுபடியும் சொல்லவில்லை. மறுநாள் தட்டுக்கு மேல் ஒரு பலகை மாட்டினார்: 'பட்டறையிலிருந்து எது வந்தாலும் முதலில் கையில் கொடுக்கவும்.' பசை மாமா தன் குண்டுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துத் தனி மேசையில் வைத்தார். இப்போது பிள்ளைகள் பச்சைக் குண்டைத் தொட்டுவிட்டுக் கடைசியில் சிவப்பைத் தூக்குகிறார்கள். தூக்கியதும் பேச்சு நின்றுவிடுகிறது. அத்தைக்கு வேண்டியது அதுதான்.

மூன்று நாள் அவளால் கரண்டி பிடிக்க முடியவில்லை. நான்தான் ஊட்டினேன். "உப்பு கம்மி" என்றாள். நாலாம் நாள் கடைக்குப் போனோம். தக்காளியைக் கையில் வைத்து "எழுநூறு" என்றாள். தராசு எழுநூற்று அறுபது காட்டியது. கடைக்காரர் தட்டுக்கு அடியில் தானே தடவிப் பார்த்தார். மண் இல்லை. "அக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். அத்தை சிரித்தாள். வீடு வரை கையை நீவிக்கொண்டே வந்தாள்.

அப்புறம் இரண்டு வாரம் நான் தினமும் தேங்காய் எண்ணெய் தேய்த்தேன். திட்டு வாங்கிக்கொண்டேதான். நேற்று அவள் பிள்ளைகளுக்காகத் தட்டைத் தயார்ப்படுத்திவிட்டு நகர்ந்தபோது, அவளுக்குத் தெரியாமல் விரிப்புத் துணிக்கு அடியில் ரப்பர் பல்லியை வைத்தேன். அவள் வந்தாள், டீச்சரிடம் பேசிக்கொண்டே தட்டைத் தூக்கினாள், பாதி வாக்கியத்தில் நின்றாள்.

"பதினாலு கிராம் கூடுது" என்றாள், என் பக்கம் திரும்பாமலே. "எடு."

எடுத்தேன். பல்லியின் எடை எனக்குத் தெரியும். காலையிலேயே கடைக்காரர் தராசில் போட்டுப் பார்த்திருந்தேன்.